ஆரணியில் ஆள் இல்லை

ஆரணிப் பட்டு வியாபாரத்துக்குத் தரவுப் பகுப்பாய்வாளர்கள் எத்தனை பேர் குறைகிறார்கள் என்று கேட்டால், மூன்று பேர் என்று யோசிக்காமல் பதில் சொல்லக்கூடிய அலுவலகம் ஒன்று பஜாரில், ஜரிகைக் கடை மாடியில் இருந்தது. அந்த மூன்று பேரைத் தேடிக் கண்டுபிடிக்க அங்கே பதினோரு பேர் வேலை பார்த்தார்கள். தேட ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மூன்று பேரும் அகப்படவில்லை. தேடிய அலைச்சலில் பதினோரு பேரில் ஒருவர்கூட இளைத்ததாகவும் தெரியவில்லை.

அலுவலகத்தின் முழுப் பெயர் 'வணிகத் தரவுப் பகுப்பாய்வுத் திறன் பற்றாக்குறை நிவர்த்தி மன்றம்'. பெயர்ப் பலகை எழுத வந்தவர், கீழே இருந்த ஜரிகைக் கடைப் பலகையில் பாதியை மறைத்துத்தான் அதை முடிக்க முடிந்தது. ஊரார் வாயில் அவ்வளவு நீளம் நுழையவில்லை. 'பற்றாக்குறை ஆபீஸ்' என்று சுருக்கிவிட்டார்கள். ஆட்டோக்காரர்களிடமும் அப்படிச் சொன்னால்தான் கொண்டுபோய் விடுவார்கள்.

இந்தப் பகுப்பாய்வாளர் வந்து என்னதான் கிழிப்பார் என்று ஊரில் பலருக்குச் சந்தேகம். பெரிய மாயமொன்றும் இல்லை. எந்த ஊரில் எந்த மாதம் என்ன நிறச் சேலை போகும், எது அலமாரியில் தூங்கும் என்பதைப் பழைய விற்பனையைப் பார்த்து முன்கூட்டியே சொல்ல வேண்டும். மன்றம் மட்டும் இதை இவ்வளவு சுலபமாக யாருக்கும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நாலு பேர் வந்துவிடும் ஆபத்து இருந்தது.

சொல்லாமலே ஒருத்தி வந்தாள். அவள் பெயர் சூர்யகலா.

சூர்யகலா புள்ளியியலில் பி.எஸ்சி., முதல் வகுப்பு. செய்யார் தொழிற்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் ஆறு வருடமாக அடிப்பாகத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். கணவன் பச்சையப்பன் கைத்தறியில் பட்டு நெய்கிறவன். நெய்து கொடுப்பது திருமலை என்ற வியாபாரிக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் திருமலை தன் கடை விற்பனை விவரத்தைப் படம் எடுத்து அவளுடைய கைபேசிக்கு அனுப்புவார். அவள் பழைய லேப்டாப் ஒன்றில் எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பாள். வெம்பாக்கம் பக்கம் நெல் அறுத்த கையோடு கல்யாணச் சேலை எடுக்க வருவார்கள், அரக்கு நிறத்தில் பெரிய கரை போடுங்கள் என்பாள். ஆடியில் மஞ்சளில் சின்னக் கரை போகும் என்பாள். மயில் கழுத்து நிறத்தை இந்த வருடம் தொடாதீர்கள் என்பாள். அவள் சொன்னபடி நெய்ததில் போன வருடம் மிஞ்சியது நாலே சேலை. ஆசைப்பட்டுத் திருமலை தன் இஷ்டத்துக்கு நெய்வித்த அறுபது மயில் கழுத்தும் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன.

இத்தனை நாள் இல்லாத அவசரம் இப்போது அவளுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து அவளுடைய வரிசையைக் கம்பெனி வேறு ஷிப்டுக்கு மாற்றுகிறது. காலை நாலே முக்காலுக்கு பஸ் ஏறினால், ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர இரவு ஏழரை. நாலு வயது மகள் நிலா ஆறரைக்கு எழுந்து ஏழு மணிக்கெல்லாம் தூங்கிப்போகிறவள். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் கனவில்தான் பார்க்க வேண்டும். பிடிக்காதவர்கள் ஒன்றாம் தேதிக்குள் எழுதிக் கொடுத்து நின்றுகொள்ளலாம் என்று சூபர்வைசர் சொல்லிவிட்டார். நின்றுவிட்டால் பச்சையப்பனின் ஒற்றைத் தறியை நம்பி மூன்று வயிறு. சூர்யகலாவுக்கு ராத்தூக்கம் போயிற்று.

திருமலையிடமே கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"ஆளு நீதாம்மா எனக்கு. அதுல இன்னா சந்தேகம்? ஆனா மன்றத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். அவங்க சர்டிபிகேட் இல்லாத ஆள உக்கார வெச்சா, வியாபாரிங்க சங்கத்துலேர்ந்தே என்னத் தள்ளி வெச்சிடுவாங்க. நீ ஜல்தியா போயி அந்த ஒரு பேப்பர மட்டும் வாங்கிகினு வந்துடு. மறுநாளே கடையில உனக்கு நாற்காலி."

கடை வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. நிலாவுக்குத் தலைவாரி, பால்வாடியில் விட்டுவிட்டு நடந்தே போகலாம். அந்தப் பத்து நிமிட நடையை மனதுக்குள் பலமுறை நடந்து பார்த்துவிட்டுத்தான் சூர்யகலா மன்றத்தின் படியேறினாள்.

முன்னறையில் ஸ்வர்ணலதா என்ற அலுவலர் பதினாலு பக்க விண்ணப்பத்தை நீட்டினார். பெயர், படிப்பு எல்லாம் முதல் பக்கத்தின் ஓரத்தில் முடிந்துவிட்டன. மீதிப் பதின்மூன்று பக்கத்துக்கும் ஒரே கேள்வி: 'உங்களிடம் இல்லாத திறன்களைப் பட்டியலிடுக. குறைந்தது இருபது.' சூர்யகலா தனக்குத் தெரிந்ததை எழுத இடம் எங்கே என்று கேட்டாள். அதற்கு இடம் கிடையாது என்றார் ஸ்வர்ணலதா. இந்த அலுவலகம் பற்றாக்குறையை அளக்கிறது. இருப்பதை எழுதினால் அளவு கெட்டுவிடும் என்று பொறுமையாக விளக்கினார்.

சூர்யகலா உட்கார்ந்து யோசித்து எழுதினாள். நீச்சல் தெரியாது. தெலுங்கு பேச வரும், எழுத வராது. கார் ஓட்டத் தெரியாது. முறுக்கு பிழிந்தால் உடைந்துபோகும். இருபது தேறுவதற்குள் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. ஸ்வர்ணலதாவுக்கோ முகமெல்லாம் பூரிப்பு. இவ்வளவு தெளிவான பற்றாக்குறை இந்தக் காலாண்டில் வந்ததில்லை என்று பாராட்டி முத்திரை குத்தினார்.

சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்று கேட்டாள். மன்றத்தின் பயிற்சியை முடித்தால் உடனே கிடைக்கும். பயிற்சி எப்போது? பயிற்சியாளர் வந்ததும். பயிற்சியாளர் ஏன் வரவில்லை? அந்தப் பணிக்கு மன்றத்தின் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும்; அப்படி ஒருவரும் இன்னும் இல்லை. இதையெல்லாம் ஸ்வர்ணலதா துளி வெட்கமில்லாமல், ரயில் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். ஆனால் இயக்குநர் மனம் வைத்தால் நேர்காணல் நடத்தி நேரடியாகவே சான்றிதழ் கொடுக்கலாம் என்றும், அதற்கு விதியில் இடமிருக்கிறது என்றும் குரலைத் தாழ்த்திச் சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு சூர்யகலா பத்து நாள் காத்திருந்தாள்.

இயக்குநர் தமிழ்வாணன் சென்னையிலிருந்து வந்தவர். இந்த நாட்டில் எதுவும் நடக்காததற்குக் காரணம் தரவு இல்லாததுதான் என்று மேடை மேடையாகப் பேசி இந்த நாற்காலிக்கு உயர்ந்தவர். அந்த நாற்காலிக்குப் பின்னால் சுவரில், கீழே இருந்த ஜரிகைக் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த நாள்காட்டி ஒன்று ஆணியில் தொங்கியது. தினமும் பெருக்க வரும் காசியம்மாள் அதில் தாளைக் கிழித்துவிட்டுப் போவாள். மன்றத்தில் அன்றன்று திருத்தப்பட்ட ஒரே தகவல் அதுதான்.

நேர்காணலன்று தமிழ்வாணன் பெரிய திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். ஆரணியில் நூற்று இருபது கைத்தறிகளில் மன்றம் தறிக்கொரு கறுப்புப் பெட்டி பொருத்தியிருந்தது. தறியின் ஒவ்வோர் அடியையும் அந்தப் பெட்டி எண்ணி அனுப்பும். கோடு நன்றாகத்தான் ஓடியது. இருபத்தொன்பது, முப்பது நாளுக்கு ஒருமுறை மட்டும் திடீரென்று அடிமட்டத்துக்கு விழுந்து மறுநாள் எழுந்துகொண்டது.

இதற்கு 'ஆரணிச் சரிவு' என்று தானே பெயர் வைத்திருப்பதாகத் தமிழ்வாணன் சொன்னார். ஆறு நகரங்களில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறாராம். மின்தடையாக இருக்கலாம் என்றது முதல் அறிக்கை; கைத்தறிக்கு மின்சாரம் எதற்கு என்று அதில் யாரும் கேட்கவில்லை. நெசவாளர்களின் மனச்சோர்வு என்றது இரண்டாவது. கைபேசிக் கோபுரக் கோளாறு என்றது மூன்றாவது. நாலாவது தயாராகிக்கொண்டிருந்தது. இந்தச் சரிவின் காரணத்தை ஒருவர் எப்படி அணுகுவார் என்பதே நேர்காணல் என்றார்.

சூர்யகலாவுக்கு முதலில் இதில் ஏதோ பொறி இருக்கிறது என்றுதான் தோன்றியது. நெசவுக்காரர் வீட்டில் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்ததை இத்தனை பெரிய திரையில் போட்டு ஏன் கேட்கிறார்கள் என்று புரியவில்லை. தயங்கித் தயங்கித்தான் வாயைத் திறந்தாள்.

"அது அமாவாசைங்க. அன்னிக்குத் தறி ஓட்ட மாட்டாங்க. லீவு."

எந்த மென்பொருளில் கண்டுபிடித்தாய் என்று தமிழ்வாணன் கேட்டார். கேலண்டரில் என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இத பாரும்மா. சரியா தப்பாங்கறது இங்க கேள்வியே இல்ல. எந்த வழியா வந்தீங்கறதுதான் கேள்வி. ஆறு நகரத்துல நான் ஒண்ணரை மணி நேரம் பேசின விஷயத்த நீ ஒரு வார்த்தையில முடிச்சிட்டா, ஏழாவது நகரத்துல நான் என்னத்தப் பேசுவேன்? ஒரு பிரச்சினையக் கட்டிக் காப்பாத்தி வளர்த்து ஆளாக்கறது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியாது."

நாலு நாளில் கடிதம் வந்தது. 'விண்ணப்பதாரர் சரியான விடையைத் தகுதியற்ற முறையில் அடைந்துள்ளார். இவருடைய வருகையால் பற்றாக்குறை மேலும் உறுதிப்படுகிறது. ஒத்துழைப்புக்கு நன்றி.' அதைப் படித்த பச்சையப்பனுக்கு, மனைவியைத் திட்டியிருக்கிறார்களா பாராட்டியிருக்கிறார்களா என்றே விளங்கவில்லை.

ஒன்றாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. திருமலை மறுபடி ஒரு வழி சொன்னார். இருபத்தெட்டாம் தேதி கல்யாண மண்டபத்தில் மன்றத்தின் பெரிய மாநாடு. மன்றத்துக்கு நிதி கொடுக்கும் அறக்கட்டளையின் தலைவர் வெற்றிச்செல்வன் நேரில் வருகிறார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் சான்றிதழ் அந்த மேடையிலேயே வந்துவிடும். நூற்று இருபது தறிகளும் ஓடுவதைத் திரையில் நேரலையாகக் காட்டி அவரை அசத்தப்போகிறார்கள்.

இருபத்தெட்டாம் தேதியா என்று கேட்டாள் சூர்யகலா. வீட்டுச் சுவரில் தொங்கிய நாள்காட்டியை நிலா புரட்டிப் பார்த்துவிட்டு, அதில் கறுப்பு வட்டம் போட்டிருக்கிறது, அப்பாவுக்கு அன்றைக்கு லீவு என்று குதித்தாள்.

தேதியைக் குறித்தது மனிதர்கள் அல்ல. நெசவாளர்கள் அதிகம் பேர் ஓய்வாக இருக்கக்கூடிய நாள் எது என்று மன்றத்தின் கணினியிடம் கேட்டார்கள். இரண்டு வருடத் தரவைப் புரட்டி அது பழுதில்லாமல் அமாவாசையைச் சொல்லியிருந்தது. அந்த நாளில் ஏன் எல்லோரும் ஓய்வாக இருக்கிறார்கள் என்று கணினியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லும் கெட்ட பழக்கம் அதற்கும் கிடையாது.

சூர்யகலா ஒருநாள் விடுப்பு போட்டுவிட்டு மாடி ஏறி, அன்றைக்குத் தறி ஓடாதுங்க என்று சொல்லிப் பார்த்தாள். ஆலோசனைகளை எழுதிப் பெட்டியில் போட வேண்டும் என்றார் ஸ்வர்ணலதா. எழுதிப் போட்டாள். பெட்டி எப்போது திறக்கப்படும் என்று கேட்டாள். மாநாடு முடிந்த பிறகு, முறைப்படி, குழுவின் முன்னிலையில் என்றார்.

மாநாட்டன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. தறிக்கு லீவு, மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பாடு. நெசவாளர்கள் வராமல் இருப்பார்களா? முந்நூற்றொன்பது பேர் என்று வாசலில் பதிவாயிற்று. தமிழ்வாணன் வரவேற்றுப் பேசினார்.

"பற்றாக்குறை என்பது அவமானம் அல்ல, அது நம் அடையாளம். இரண்டு ஆண்டுக்கு முன் இந்த மன்றம் வந்தபோது ஆரணியில் பற்றாக்குறை இருப்பதே யாருக்கும் தெரியாது. இன்று ஒவ்வொரு வியாபாரியும் தன்னிடம் எது இல்லை என்று தலைநிமிர்ந்து சொல்கிறார். இந்த விழிப்புணர்வை அழியாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டுப் போவதே என் வாழ்நாள் ஆசை."

கைதட்டல் அடங்கியதும் வெற்றிச்செல்வன் பொத்தானை அழுத்தினார். திரையில் ஆரணி வரைபடம் விரிந்தது. நூற்று இருபது புள்ளிகள் வரிசையாகத் தோன்றின. எல்லாவற்றிலும் பூஜ்யம். இன்னொரு முறை அழுத்தினார். பூஜ்யம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

தமிழ்வாணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, நீங்கள் பார்ப்பது உலகம் இதுவரை நேரலையில் காணாத ஆரணிச் சரிவு என்று அறிவித்தார். வெற்றிச்செல்வன் கொஞ்சம் விவரம் தெரிந்தவர். கீழே பார்த்து, இங்கே தறி நெய்கிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா, ஏன் இப்படி என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். மூன்றாவது வரிசையில் நிலாவை மடியில் வைத்திருந்த பச்சையப்பன் எழுந்தான்.

"அமாவாசைக்கு எவனாவது தறி ஓட்டுவானாங்க? ஓட்றவங்க எல்லாம் இங்க குந்திகினு கீறோம். அங்க பொட்டி இன்னாத்த எண்ணும்? இதத்தான் என் சம்சாரம் ரெண்டு வாரமா சொல்லிகினு கீது. கேக்க ஆளில்ல."

மண்டபம் முழுக்க ஆமாம் ஆமாம் என்று குரல் எழுந்தது. வெற்றிச்செல்வன் சூர்யகலாவை மேடைக்கு அழைத்தார். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். திருமலை எழுந்து, மயில் கழுத்துக் கதையை ஒளிக்காமல் சொன்னார். வெற்றிச்செல்வன் சிரித்தார். பிறகு தமிழ்வாணன் பக்கம் திரும்பி, மூன்று பேரில் ஒருவர் இதோ கிடைத்துவிட்டாரே, இவருக்குச் சான்றிதழ் கொடுப்பதில் என்ன தடை என்றார். கீழே நிலா கையை ஆட்டினாள். அந்தப் பத்து நிமிட நடை கண்ணுக்கு எதிரே விரிந்து கிடந்தது.

தமிழ்வாணன் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர் எழுந்துதான் நின்றார்.

"தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை ஒரு முறை பாருங்கள். இத்தனை பேருக்கும் காரணம் தெரிந்திருக்கிறது. இவர்களில் ஒருவரிடமாவது சான்றிதழ் இருக்கிறதா? சான்றிதழ் இல்லாமல் பகுப்பாய்வு செய்யும் முந்நூற்றொன்பது பேர்! நாங்கள் மூன்று என்று நினைத்திருந்தோம். ஆரணியின் உண்மையான பற்றாக்குறை முந்நூற்றுப் பன்னிரண்டு. இன்று இந்த அம்மா ஒருவருக்கு மட்டும் கொடுத்தால், மற்றவர்களுக்கு நாம் செய்யும் துரோகம் அல்லவா?"

வெற்றிச்செல்வன் விவரம் தெரிந்தவர் என்று சொன்னேன். கொஞ்சம் என்றும் சொன்னேன். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மறைந்து, அந்த இடத்தில் கவலை வந்து உட்கார்ந்தது. பற்றாக்குறை இவ்வளவு ஆழம் என்று தனக்கு யாரும் சொல்லவில்லையே என்று வருந்தினார். மன்றத்தை ஐந்து ஆண்டுக்கு நீட்டித்தார். பதினோரு பேரை நாற்பது ஆக்கினார். சூர்யகலாவுக்கு ஒரு பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தார்கள். அது பட்டுகூட இல்லை, செயற்கை நூல். பட்டு ஊரில் பிறந்தவளுக்குத் தோளில் பட்டதுமே தெரிந்துவிட்டது.

ஒன்றாம் தேதி அவள் நாலே முக்கால் பஸ் ஏறினாள்.

இரண்டு வாரம் கழித்து, ஊர் எல்லையில் மன்றம் ஒரு பெரிய விளம்பரப் பலகை வைத்தது. பொன்னாடை போர்த்திய சூர்யகலாவின் படம். கீழே, 'பற்றாக்குறையின் முகம்.' நிலா அங்கே போய் அம்மாவைப் பார்க்க வேண்டுமென்று அடம் பிடிக்கிறாள் என்றும், தினம் சாயங்காலம் சைக்கிளில் கூட்டிப்போய்க் காட்டிக்கொண்டு வருகிறேன் என்றும் பச்சையப்பன் சொன்னான். சூர்யகலா அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒருநாள், கம்பெனி விட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. பேசியது தமிழ்வாணன். குரலில் தேன் ஒழுகியது. அடுத்த நேரலை நிகழ்ச்சிக்குத் தேதி குறிக்க வேண்டும். ஆரணிச் சரிவு இனி எந்த நாளில் வரும் என்று, வெளியில் யாருக்கும் தெரியாமல், ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டார்.

"உங்க நாற்காலிக்குப் பின்னாடி ஆணியில தொங்குதுங்க. திரும்பிப் பாருங்க, கறுப்பு வட்டம் போட்டிருக்கும்."

திரும்பும் சத்தம் கேட்டது. தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. அதைப் படிக்கத் தகுதியான பணியிடம் இன்னும் காலியாக இருக்கிறதே என்றார் தமிழ்வாணன், வருத்தத்தோடு.

"எம் பொண்ணு படிப்பாங்க. நாலு வயசு. கறுப்பு வட்டத்தப் பார்த்தா போதும், அப்பாவுக்கு லீவுன்னு கரெக்டா சொல்லும். இந்நேரம் ஊரெல்லைல நின்னு எம் போட்டாவப் பார்த்துகினு இருக்கும். போயி அதக் கேளுங்க."

மறுமுனையில் பேனா திறக்கும் ஓசை. குழந்தையிடம் சான்றிதழ் எதுவும் இருக்கிறதா என்று தமிழ்வாணன் கேட்டார்.

சூர்யகலா இணைப்பைத் துண்டித்தாள். மறுநாள் வெளியான மன்றத்தின் காலாண்டு அறிக்கையில், ஆரணியின் பற்றாக்குறை முந்நூற்றுப் பதின்மூன்று என்று திருத்தப்பட்டிருந்தது.